பிக்கப்புக்கு 5 கியர் பெட்டியா, கிரௌன் பினியனா?

எங்கள் பிக்கப் பழைய டீசல் வண்டி, 4 கியர். விடியுமுன் வாடிப்பட்டியிலிருந்து கிளம்பி, திண்டுக்கல்லில் உர மூட்டையும் சிமெண்டும் மளிகையும் ஏற்றி, சிறுமலைக்குப் போய் இறக்கிவிட்டு, அங்கே குதிரைகள் தோட்டத்திலிருந்து ரோட்டுக்குச் சுமந்து வந்து போட்டிருக்கும் வாழைத்தாரையும் பலாவையும் ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணிக்கு வந்து சேர வேண்டும். ஒரே ஓட்டத்தில் வண்டிக்கு இரண்டு வேலை. மலையில் 18 கொண்டை ஊசி வளைவு, கீழே 60 கிலோமீட்டருக்கு மேல் நாலு வழிச் சாலை. மலையில் இரண்டாவது கியரில் திணறும், ஒன்றாவதுக்கு இறக்கினால் கத்தும். கீழே வந்து 80-ஐத் தொட்டால் பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும்.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டபோது ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். பட்டறையில், "பெட்டியையே மாத்திருங்க தம்பி, அஞ்சு கியர் போட்டா வண்டி வேற மாதிரி ஓடும்" என்றார் மெக்கானிக் அண்ணன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கு மாப்ள பெட்டியில கை வைக்கிற, கிரௌன் பினியன மாத்துனாப் போதாதா?" என்றார். பின் அச்சுக்குள் இருக்கிற பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடியைத்தான் அப்படிச் சொன்னார். டயரைப் பெரிசாகப் போடு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. மூன்றுமே உண்மையில் நடக்கிற வேலைகள்தான். ஆனால் மூன்றும் ஒரே நோய்க்கான மருந்து இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. நீங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். கியர்களை ஓர் ஏணியின் படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரௌன் பினியனை மாற்றினால் ஏணி மொத்தமாக மேலேயோ கீழேயோ நகரும், படிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி அப்படியே இருக்கும். டயரை மாற்றினாலும் அதேதான், கொஞ்சமாக நகரும், அவ்வளவுதான். கியர் பாக்ஸை மாற்றினால் மட்டும்தான் படிகளே மாறும். அப்போதுதான் அடிப்படிக்கும் உச்சிப்படிக்கும் உள்ள தூரம் கூடும். அதனால் முதல் கேள்வி எந்தப் பெட்டி நல்லது என்பது கிடையாது. உங்கள் வண்டியின் வலி ஒரு முனையில் இருக்கிறதா, இரண்டு முனையிலுமா, அல்லது நடுவிலா என்பதுதான்.

அதைக் கண்டுபிடிக்க முதலில் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆர்சி புத்தகத்தில் இருக்காது, பழைய வண்டி என்றால் யாராவது ஏற்கெனவே மாற்றிக்கூட இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதன் பக்கத்தில் ஸ்டாண்டும் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஜாயிண்ட் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. ஒரு சக்கரம் தரையில் நிற்க இன்னொன்று மட்டும் சுற்றினால், அது இரண்டு சுற்று சுற்றும்போதுதான் கிரௌன் ஒரு சுற்று சுற்றும். நான் சக்கரத்தை 20 சுற்று சுற்றினேன், தம்பி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ராடை எண்ணினான். 45 முழுச் சுற்றும், அதற்கு மேல் அரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டியும் வந்தது. 10 கிரௌன் சுற்றுக்கு 45.6 என்றால் 4.56. அதாவது கிரௌனில் 41 பல், பினியனில் 9 பல். ஒரு சுற்றில் எண்ணினால் நாலரையா நாலே முக்காலா என்று தெரியாது, 20 சுற்றில் எண்ணினால் தப்பவே தப்பாது.

கியர் பாக்ஸுக்கும் இதே வழிதான். எஞ்சின் முன்பக்க நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியரிலும் ராடு ஒரு சுற்று சுற்றுவதற்கு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். பின் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எங்கள் பெட்டியில் ஒன்றாவது 4, இரண்டாவது 2.2, மூன்றாவது 1.4, நான்காவது நேர் 1.

டயர் 215/75 ஆர்15. லோடு இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டர் ஓடுகிறது. இதையும் தரையில் கோடு போட்டு, வண்டியை உருட்டி, டேப் பிடித்து அளந்தேன். இனி கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 620 சுற்று. அதை 4.56-ஆல் பெருக்கினால் நான்காவது கியரில் எஞ்சின் 2,830 சுற்று. பழைய டீசலுக்கு இது மூச்சு முட்டுகிற இடம். மலையில் உரமூட்டையோடு வளைவில் ஏறும்போது எங்கள் வேகம் 18. அந்த வேகத்தில் இரண்டாவது கியர் என்றால் 1,400 சுற்று, ஒன்றாவது என்றால் 2,545. இழுவை நன்றாக இருக்கிற இடம் எங்கள் எஞ்சினுக்கு 1,500-க்கும் 2,000-க்கும் நடுவில். அந்த இடத்துக்குக் கியரே இல்லை. மூன்று வருடமாக ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து நாங்கள் தேடியது அந்த இல்லாத கியரைத்தான்.

சரி, இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

டயரை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 215-ஐ எடுத்துவிட்டு 235/75 போட்டால் உயரம் 4 சதவீதம்தான் கூடுகிறது. 80-ல் 2,830 என்பது 2,710 ஆகும், காதுக்கே தெரியாது. மலையில் இழுவை அதே 4 சதவீதம் குறையும். பிரேக்குக்கு வேலை கூடும், மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், சரக்கு வண்டிக்கு டயர் அளவு பதிவிலேயே இருப்பதால் எஃப்சி (தகுதிச் சான்று) நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். டயர் தேய்ந்து எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றாலும் இதற்காக அளவை மாற்றாதீர்கள்.

கிரௌன் பினியன் அப்படித் தள்ளிவிடக்கூடிய வழி இல்லை. 41/9-ஐ எடுத்துவிட்டு 41/11, அதாவது 3.73 போட்டால் 80-ல் எஞ்சின் 2,310-க்கு இறங்கிவிடும். 500 சுற்றுக்கு மேல் மிச்சம். இதைக் கியர் பாக்ஸைத் தொடாமல், தரையை வெட்டாமல், ஜாயிண்ட் ராடை வெட்டாமல் செய்துவிடலாம். பினியனில் பல் கூடினால் பினியன் தடிமனாகும், தாங்கும். சமவெளியில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மாமா வண்டி மேலூர், திருமங்கலம், விருதுநகர் பக்கம்தான் ஓடும். அவர் சொன்னது அவர் வண்டிக்கு நூற்றுக்கு நூறு சரி.

எங்கள் வண்டிக்கு இதைப் போட்டால்? 18 வேகத்தில் இரண்டாவது கியர் 1,145-க்கு விழுந்துவிடும், அது செத்துப்போன கியர். ஆனால் ஒன்றாவது 2,080-க்கு வந்துவிடும், வளைவில் ஒன்றாவதிலேயே நன்றாக ஏறலாம் என்று தோன்றும். தோன்றுவது சரிதான், ஏறலாம். சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. எங்கள் பழைய பெட்டியில் ஒன்றாவதுக்கு சின்க்ரோ, அதாவது ஓட்டத்தில் பல் இடிக்காமல் கியர் சேர உதவுகிற வளையம், கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது இறக்க வேண்டுமானால் கிளட்சை இரண்டு தடவை மிதித்து டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். வளைவுக்கு வளைவு அதைச் செய்ய முடியாது, ஒரு தடவை தவறினால் பல் கடகடவென்று கத்தும், வண்டி பின்னால் உருளத் தொடங்கும். இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிது. ஒன்றாவதின் மொத்த இழுவை, அதாவது கியரின் 4-ஐ அச்சு விகிதத்தால் பெருக்கிய எண், 18.2-லிருந்து 14.9-க்கு இறங்குகிறது. மேலே பஸ் வருகிறது என்று வளைவில் ஒதுங்கி நின்றுவிட்டு, முழு லோடோடு திரும்ப எடுக்கும்போது கிளட்ச் கருகுகிற வாசனை வரும். ஒரு வருடம் வர வேண்டிய பிளேட் சில மாதங்களில் போகும். நடு வழியாக 41/10, அதாவது 4.10 இருக்கிறது. அதில் 80-க்கு 2,540, ஒன்றாவதின் இழுவை 16.4. மலை எப்போதாவது, ரோடு தினமும் என்று ஓடுகிறவர்கள் இதைப் பார்க்கலாம்.

கிரௌன் மாற்றுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கிரௌனும் பினியனும் ஜோடியாகவே அரைத்து ஜோடியாகவே நம்பர் அடித்து வருபவை, ஒன்றை ஒரு வண்டியிலும் மற்றதை இன்னொரு வண்டியிலும் எடுத்துச் சேர்த்தால் ஊளையிடும், பிறகு பல் தின்றுவிடும். அப்புறம், ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து உட்கார வைப்பது அவசர வேலை கிடையாது. பல்லில் மையைத் தடவிச் சுற்றிப் பார்த்தால் தொடுகிற தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும், நுனியிலோ அடியிலோ விழுந்தால் கழற்றி ஷிம்மை மாற்றித் திரும்பப் பார்க்க வேண்டும். இதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாத பட்டறையில் கொடுக்காதீர்கள். ஃபோர் வீல் வண்டியாக இருந்தால் முன் அச்சிலும் அதே விகிதம் போட வேண்டும், இல்லையென்றால் தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்ட அன்றைக்கே முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டிகளின் பின் அச்சு ஏன் இவ்வளவு குட்டை விகிதத்தில் (எண் பெரிது, இழுவை அதிகம், வேகம் குறைவு) இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்பின் அச்சு 4.88. போர் முடிந்து விவசாயத்துக்கு என்று வந்த சிஜே-2ஏ-வில் அதையும் குட்டையாக்கி 5.38 போட்டார்கள். மஹிந்திரா 1940-களின் கடைசியில் இந்தியாவில் கோத்து விற்கத் தொடங்கியது அந்த வில்லிஸ் ஜீப் வம்சத்தைத்தான். வயலில் கலப்பை இழுக்கவும் சேற்றில் ஏறவும் வைத்த விகிதம் அது. நாலு வழிச் சாலை அப்போது யார் மனதிலும் கிடையாது. ஆக, வண்டியில் தப்பு இல்லை. நாம் கேட்கிற வேலைதான் மாறிவிட்டது.

இப்போது கியர் பாக்ஸ். 5 கியர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் பணத்தைப் போட்டுவிட்டு வருத்தப்படுகிறார்கள். இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் நான்காவது நேர் 1, ஐந்தாவது ஓவர் டிரைவ், அதாவது எஞ்சினைவிட ராடு வேகமாகச் சுற்றும், 0.8 சொச்சம். இன்னொன்றில் ஐந்தாவதுதான் நேர் 1, அதற்குக் கீழே இருக்கிற நாலும் நெருக்கமாக, ஒன்றாவது மிகக் குட்டையாக இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஐந்து கியர்தான், லீவர் தலையிலும் அதே எண்கள்தான். கையால் சுற்றி எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்குக் கிடைத்த இரண்டு பெட்டிகளையும் பட்டறைத் தரையில் வைத்து எண்ணினேன். ஓவர் டிரைவ் பெட்டி 3.9, 2.4, 1.5, 1, 0.82. மற்றது 4.9, 2.8, 1.75, 1.27, 1. எங்கள் பழைய பெட்டியில் அடிப்படிக்கும் உச்சிப்படிக்கும் 4 மடங்கு. முதல் பெட்டியில் 4.75, இரண்டாவதில் 4.9. விரிவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஏணி நிற்கிற இடம்தான் வேறு. இரண்டாவது பெட்டியை எங்கள் 4.56 அச்சோடு அப்படியே போட்டால் மலையில் ராஜாவாக ஏறும், 18 வேகத்தில் இரண்டாவது கியர் 1,780-ல் நிற்கும், நான் தேடிய இடமே அதுதான். ஆனால் நாலு வழிச் சாலையில் ஒரு சுற்றுகூடக் குறையாது, பழைய 2,830-தான். அஞ்சு கியர் போட்டும் வண்டி அலறுகிறது என்று புலம்புகிறவர்கள் இந்தப் பெட்டியைத்தான் போட்டிருப்பார்கள். அதோடு கிரௌனையும் 4.10 ஆக்கினால் மலைக்கு 1,600, ரோட்டுக்கு 2,540. 3.73 ஆக்கினால் மலைக்கு 1,455, ரோட்டுக்கு 2,310.

ஓவர் டிரைவ் பெட்டிக்கு அச்சைத் தொடவே வேண்டாம். 80-ல் 2,320. மலையில் இரண்டாவது கியர் 1,525. காகிதத்தில் பார்த்தால் பழைய 1,400-ஐவிட 125 சுற்றுதான் கூடுதல், இதற்கா இவ்வளவு செலவு என்று தோன்றும். ஆனால் டீசல் எஞ்சினில் 1,400 என்பது இழுக்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற இடம், 1,525 என்பது பிடித்துக்கொள்கிற இடம். கால் சொல்லிவிடும். அதோடு இந்தப் பெட்டியில் ஒன்றாவதுக்கும் சின்க்ரோ உண்டு, தேவைப்பட்டால் ஓட்டத்திலேயே இறக்கலாம்.

நேர் கியருக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நேர் 1-ல் எஞ்சினின் விசை பெட்டிக்குள் நுழைந்து நேராக மெயின் ஷாஃப்ட் வழியாகவே வெளியே போய்விடும், எந்தப் பல்லும் சுமக்காது. ஓவர் டிரைவில் விசை கீழே லேயர் ஷாஃப்டுக்கு இறங்கி, திரும்ப மேலே ஏறித்தான் வெளியே போகும், அந்த ஐந்தாவது ஜோடிப் பல்லும் பேரிங்கும் நாள் முழுக்கச் சுமக்கும். ஆகவே முழு லோடில் மணிக்கணக்காக உச்சிக் கியரிலேயே ஓடுகிற வண்டி, தூத்துக்குடி வரைக்கும் போய் வருகிற வண்டி என்றால் நேர் ஐந்தும் 3.73 மாதிரி எண் சிறிய கிரௌனும்தான் பெட்டிக்கு ஆயுள் தரும். அதற்கும் ஒரு விலை உண்டு. ஒன்றாவது 4.9 என்றால் ஜாயிண்ட் ராடுக்கும் அதன் மூட்டில் இருக்கிற கிராஸுக்கும் பழையதைவிட 22 சதவீதம் முறுக்கு கூடுதல், தேய்ந்த கிராஸை வைத்துக்கொண்டு இந்தப் பெட்டியைப் போட்டால் முதல் ஏத்தத்திலேயே டப் என்று சத்தம் கேட்கும்.

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் கடைசியில் முடிவைச் சொன்னது. சிறுமலையில் ஏறுவது உரமூட்டை, இறங்குவது வாழைத்தார், அதுவும் ஓரம் வரைக்கும் அடுக்கி. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பிரேக் இல்லை, கியர். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அச்சை 3.73 ஆக்கி, பழைய 4 கியர் பெட்டியையே வைத்திருந்தால் இரண்டாவது கியரின் பிடி 18 சதவீதம் குறைந்துவிடும். அந்த 18 சதவீதத்தை 18 வளைவிலும் பிரேக் ஷூ சுமக்க வேண்டும். கீழே வரும்போது டிரம் சூட்டில் புகை வரும், மிதித்தால் கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். புதுப் பெட்டியில் இரண்டாவது 2.4 என்பதால் பிடி முன்னைவிடக் கூடுகிறது. மலைப்பாதையில் ஓடுகிற எந்த வண்டிக்கும், மைலேஜைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். சிறுமலை மட்டுமில்லை, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் போடிமெட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான்.

ஆக, ஓவர் டிரைவ் பெட்டி என்று முடிவெடுத்தேன். இனி வேலை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியின் விலை பாதிச் செலவுதான், மீதிப் பாதி சுற்றுவேலைக்குப் போனது.

பெட்டி எஞ்சினோடு சேர, இரண்டுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங் பொருந்த வேண்டும். முடிந்தவரை பெல் ஹவுசிங், கிளட்ச் ஃபோர்க், லீவர், கிராஸ் மெம்பர், பின்பக்க பிளாஞ்ச், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையானாலும் உள்ளூர் பழைய சாமான் கடையானாலும், தனிப் பெட்டியை மட்டும் மலிவாகக் கொடுத்தால் மீதியைத் தேடி அலைவதிலேயே அந்த மிச்சம் போய்விடும். இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்லைன் (நீளவாக்குப் பல்) எண்ணிக்கையும் தடிமனும் கிளட்ச் பிளேட்டோடு சேர வேண்டும், அதன் முனை ஃப்ளைவீல் நடுவில் இருக்கிற பைலட் பேரிங்கில் சரியாக உட்கார வேண்டும். எங்களுக்கு முனை கொஞ்சம் மெலிதாக இருந்தது, லேத்தில் வெண்கலப் புஷ் ஒன்று கடைந்து போட்டோம்.

அடாப்டர் தகடு போட்டுச் சேர்ப்பவர்கள் டயல் கேஜ் வைத்து நடுமையம் பார்க்கச் சொல்லுங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல் விலகினால் இன்புட் பேரிங் அழும், கியர் தானாக வெளியே வரும், பெட்டி மோசம் என்று பெட்டியைத் திட்டுவோம்.

5 கியர் பெட்டி நீளம். அதனால் ஜாயிண்ட் ராடைக் குட்டையாக்க வேண்டும். வெட்டி வெல்டு வைக்கும்போது இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கிற நுகமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், ஒரு பல் தள்ளி மாட்டினாலும் 60-ல் வண்டி உதறும். வெல்டு வைத்த பிறகு பேலன்ஸ் பார்க்காமல் மாட்டவே கூடாது, 80-ல் அந்த ராடு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது. பெட்டி நீளமானதால் லீவரும் பின்னால் தள்ளி வந்தது, தரைத் தகட்டை வெட்டி, பழைய ஓட்டையை மூடி, ரப்பர் போட்டோம். ஸ்பீடோமீட்டர் கேபிள் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வருவதால் அங்கே இருக்கிற சின்ன பினியனின் பல் எண்ணிக்கையும் அச்சு விகிதத்துக்குப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்லும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிற புது வண்டிகளில் இது இன்னும் முக்கியம்.

பழைய பெட்டியை வாங்கும்போது ஆயில் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். நான் பார்த்த முதல் பெட்டி வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்தது, விரலில் வந்த ஆயிலை வெயிலில் பிடித்தால் பொன் தூளாக மின்னியது, அடியில் நகக்கணு அளவுக்கு ஓர் இரும்புச் சில்லும் வந்தது. கொஞ்சம் பித்தளைத் தூள் சின்க்ரோ ரிங் தேய்வது, அது சகஜம். இரும்புச் சில்லு என்றால் பல் உடைந்திருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், எல்லாக் கியரையும் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஆயிலில் ஒரு விஷயம். பின் அச்சின் கிரௌன் பினியனுக்கு ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். பித்தளை சின்க்ரோ உள்ள பெட்டிக்கு ஜிஎல்-4 கேட்டு வாங்குங்கள், ஜிஎல்-5-இல் இருக்கிற மருந்து பித்தளையை அரிக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுகிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறது, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம்: ஆர்சி-யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் எல்லாம் அதில் வரும், கியர் பாக்ஸுக்கு அங்கே இடம் இல்லை. இருந்தாலும் வேலைக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி. வெல்டு வைத்த ராடும் வெட்டிய தரையும் பார்க்கிறவர் கண்ணில் படும், சுத்தமாகச் செய்திருந்தால் பயம் இல்லை.

பெட்டி மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. மைலேஜ் கூடியதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூடியது, ஆனால் பெட்டிக் காசை டீசலில் எடுத்துவிடலாம் என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம். 80-ல் காற்றைத் தள்ளுவதற்கே நிறைய டீசல் போகிறது, அதைக் கியர் குறைக்காது. முழு லோடில் ஐந்தாவதைப் போட்டுக்கொண்டு கொடைரோடு மேட்டில் எஞ்சினைத் திணற விடுவதும் கூடாது, அங்கே நான்காவதுதான். எனக்குக் கிடைத்தது வேறு. முன்பு மாட்டுத்தாவணியில் இறங்கும்போது காதுக்குள் ஒரு ரீங்காரம் மதியம் வரைக்கும் நிற்கும், இப்போது இல்லை. மலையில் வளைவுக்குள் நுழையும்போது கை தானாக இரண்டாவதுக்குப் போகிறது, வண்டி பிடித்துக்கொண்டு ஏறுகிறது, அடுத்த வளைவு வரும்வரை லீவரைத் தொடுவதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டிக்கு அடியில் படுத்து எண்ணினோம். அவருக்கும் 4.56-தான். அவருக்குப் பெட்டி வேண்டாம், 41/11 ஜோடி ஒன்று, நம்பர் பொருந்தியதாக, பல் தடம் நடுவில் விழுந்ததாகக் கிடைத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். "அப்ப நான் சொன்னதுதான மாப்ள சரி" என்றார். "உங்க வண்டிக்குச் சரிதான் மாமா" என்றேன்.